வைமார் ஜெர்மனியின் தனிப்படைப் பதக்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போர் முடிந்த 1918 நவம்பரிலிருந்து ஹிட்லர் ஆட்சி காலூன்றிய 1930களின் நடுப்பகுதி வரை, ஜெர்மனியில் ஆயுதக் குழுக்கள் தங்கள் ஆட்களுக்குக் கொடுத்த சிலுவைகள், பதக்கங்கள், சின்னங்கள் பற்றிய பக்கம் இது. கைசரின் மன்னராட்சிக்கும் ஹிட்லர் ஆட்சிக்கும் இடையே இருந்த குடியரசைத்தான் வைமார் ஜெர்மனி என்பார்கள். போர் வரலாறு படிப்பவர்களும் பதக்கம் சேர்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் இரண்டாவது கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள். மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது.

இந்தத் தனிப்படைகள் என்பவை யார்?

1918 நவம்பரில் கைசர் பதவி விலகினார், போர் நின்றது, பழைய ராணுவம் கலைந்து வீட்டுக்குப் போனது. ஆனால் பெர்லினில் புரட்சி, கிழக்கு எல்லையில் போலந்துடன் தகராறு, பால்டிக் பகுதியில் செம்படை. புதிய சமூக ஜனநாயக அரசின் கையில் நம்பகமான படை இல்லை. ராணுவப் பொறுப்பிலிருந்த குஸ்டாவ் நோஸ்கே, பழைய அதிகாரிகள் சொந்தமாக ஆள் சேர்த்து அமைத்த தன்னார்வப் படைகளை நம்பினார். இவைதான் ஃப்ரைகோர். பெரும்பாலானவற்றுக்குத் தளபதியின் பெயரே படையின் பெயர்: எர்ஹார்ட், ரோஸ்பாக், எப், லோவென்ஃபெல்ட்.

வெர்சாய் ஒப்பந்தம் ராணுவத்தை 1,00,000 பேராகச் சுருக்கியதும் இந்தப் படைகள் கலைக்கப்பட்டன. கலைந்தவர்கள் சங்கமாகவும் விளையாட்டுக் கழகமாகவும் ரகசிய அமைப்பாகவும் மறுபடி கூடினார்கள். அப்புறம் கட்சிகளுக்கென்றே சீருடைப் படைகள் வந்தன: வலதில் ஷ்டால்ஹெல்ம், குடியரசின் பக்கம் ரைக்ஸ்பானர், கம்யூனிஸ்டுகளின் செம்முன்னணிப் போராளிகள் சங்கம், நாஜிகளின் எஸ்.ஏ. இந்தப் பக்கத்தில் ‘தனிப்படை’ என்று பொதுவாகச் சொல்வது இவற்றையெல்லாம் சேர்த்துத்தான்.

பதக்கம் கொடுப்பது அரசின் வேலை அல்லவா? இவர்கள் எந்த உரிமையில் கொடுத்தார்கள்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. 1919 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த வைமார் அரசியலமைப்பின் 109ஆம் பிரிவு, அரசு எந்த விருதுப் பதக்கமும் வழங்கக்கூடாது என்று சொன்னது. வெளிநாட்டு அரசிடமிருந்து பெறுவதற்கும் தடை. மன்னராட்சியில் கோட்டு முழுக்கப் பதக்கம் தொங்கவிட்ட கூட்டத்தைப் பார்த்துச் சலித்தவர்கள் எழுதிய பிரிவு அது. எல்லாக் குடிமக்களும் சமம் என்ற எண்ணம் பின்னால் இருந்தது. நல்ல எண்ணம்தான்.

ஆனால் அந்தத் தடை அரசை மட்டுமே கட்டியது. ஒரு தளபதியோ சங்கமோ கட்சியோ உலோகத்தில் ஏதாவது அச்சடித்துத் தன் ஆட்களின் சட்டையில் குத்துவதை அது தடுக்கவில்லை. போரில் வாங்கிய பழைய இரும்புச் சிலுவையை அணியவும் தடை இல்லை. ஆக நிலைமை இப்படி ஆனது: 1914 முதல் 1918 வரை கைசருக்காகச் சண்டை போட்டவனுக்கு மார்பில் சிலுவை இருக்கிறது, 1919இல் அதே ஆள் கிழக்கே போலந்தை ஒட்டிய சிலேசிய எல்லையில் நின்றால் அவனுக்குக் குடியரசு ஒன்றும் தராது, தரவும் முடியாது. யார் தந்தார்? அவனுடைய தளபதி.

கௌரவத்தைக் கொடுப்பவரிடம்தான் விசுவாசமும் போய்ச் சேரும். குடியரசு தன்னைக் காத்தவர்களுக்கு ஒரு துண்டு உலோகம்கூடக் கொடுக்காமல் இருந்தது. அதைக் கவிழ்க்க நினைத்தவர்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். வைமார் குடியரசு விழுந்ததற்குப் பதக்கம்தான் காரணம் என்று சொன்னால் அபத்தம். ஆனால் அந்த அரசு எந்த இடத்தையெல்லாம் காலியாக விட்டது என்பதை இந்தச் சின்னங்களைப் போலத் தெளிவாகக் காட்டும் பொருள் குறைவு.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் பதக்கம் அடித்துக்கொள்ளலாம் என்றிருந்ததா?

கிட்டத்தட்ட அப்படித்தான். அச்சு வெட்டித்தர நகைக்கடைக்காரர்களும் உலோகத் தொழிற்சாலைகளும் தயாராக இருந்தார்கள். லூடென்ஷைடு, பெர்லின், முனிக் மூன்றும் இந்தத் தொழிலின் முக்கிய ஊர்கள். பேரரசு போனதால் அரண்மனை ஆர்டர்களும் போய்விட்டன. புதிய வாடிக்கையாளர்கள் வந்ததில் அவர்களுக்கு மகிழ்ச்சியே.

அக்காலச் சின்னங்கள் பலவற்றின் பின்புறம் பார்த்தால், ‘வடிவம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது’ என்பதற்கான ஜெர்மன் சுருக்கெழுத்து இருக்கும். சோப்பு டப்பாவுக்கும் பொத்தானுக்கும் வாங்கும் அதே வணிகப் பதிவு. முன்பக்கம் வீரம், மரணம், தாய்நாடு, பின்பக்கம் வியாபாரம். எனக்கு எப்போதுமே பின்பக்கம்தான் சுவாரசியம்.

சிலேசியக் கழுகு என்பது என்ன?

இந்த வகையில் மிகவும் பரவலாக அறியப்பட்டது இதுதான். 1919 ஜூன் 16 அன்று, பிரெஸ்லாவில் (இன்று போலந்தின் விரோத்ஸ்வாஃப்) இருந்த ஆறாவது படைத்தொகுதியின் தளபதி ஃபிரீட்ரிஷ் ஃபோன் ஃபிரீடபுர்க் இதை ஏற்படுத்தினார். தேதியைக் கவனியுங்கள்: அரசியலமைப்பின் தடை வருவதற்கு இரண்டு மாதம் முன்பு. கிழக்கு எல்லையில் மூன்று மாதம் பணியாற்றியவர்களுக்கு இரண்டாம் வகுப்பு, ஆறு மாதத்துக்கு முதல் வகுப்பு. இரண்டாம் வகுப்பு நாடாவில் தொங்கும். முதல் வகுப்பைச் சட்டையில் ஊசியால் குத்திக்கொள்ள வேண்டும். இரும்புச் சிலுவையின் அதே முறை, வேண்டுமென்றே செய்தது.

வடிவம் அழகானது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இறக்கை விரித்த கறுப்புக் கழுகு, மார்பில் சிலேசியாவின் பழைய அரசச் சின்னமான பிறை, பிறை நடுவில் சிறு சிலுவை. ‘சிலேசியாவுக்காக’ என்று பொருள்படும் எழுத்து. வாளும் ஓக் இலையும் சேர்த்த வடிவங்களும் கிடைக்கின்றன. அவை வீரர்கள் கடையில் பணம் கொடுத்து ஒட்டவைத்துக்கொண்ட அலங்காரம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அலங்காரம் கூடக் கூட விருது பெரிது என்று நினைத்து அதிகப் பணம் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அன்னாபெர்க் சின்னங்களும் இதைச் சேர்ந்தவையா?

அதே நிலம், இரண்டு வருடம் தள்ளி. மேல் சிலேசியா ஜெர்மனிக்கா போலந்துக்கா என்று 1921 மார்ச் 20இல் வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 60 சதவீதம் ஜெர்மனி பக்கம். முடிவை எப்படிப் பங்கிடுவது என்ற சண்டையில் மே மாதத் தொடக்கத்தில் போலந்துத் தரப்பு எழுச்சி தொடங்கியது. சில்லறைச் சண்டை இல்லை, சரியான போர். மே 21 அன்று பவேரியாவின் ஓபர்லாண்ட் படையும் மற்ற தன்னார்வப் படைகளும் அன்னாபெர்க் குன்றைப் பிடித்தன. மேலே ஒரு மடாலயம், யாத்திரைத் தலம்.

அப்போது ஃப்ரைகோர் என்று எதுவும் இருக்கக்கூடாது. நேச நாடுகளின் கெடுபிடி. அதனால் இந்த வெற்றியைப் பெர்லின் அரசால் வாய்விட்டுக் கொண்டாட முடியவில்லை. கொண்டாட்டம் முழுக்கத் தனியார் கைக்குப் போனது. படைச் சங்கங்கள் சிலுவையும் பதக்கமும் அடித்தன. ஓபர்லாண்ட் பொருள்களில் எடெல்வைஸ் என்ற ஆல்ப்ஸ் மலைப் பூவைத் தேடுங்கள். அதுதான் அவர்கள் அடையாளம். எதிர்த்தரப்பான போலந்திலும் அதே சண்டைகளுக்காகச் சிலேசியப் போராளிகளுக்குத் தனி விருதுகள் உண்டு. ஒரே குன்றுக்கு இரண்டு பக்கத்திலும் பதக்கம். சேகரிப்பில் இரண்டையும் அருகருகே வைத்தால்தான் கதை முழுமையாகும்.

பால்டிக் சிலுவை யாருக்குக் கொடுத்தார்கள்?

1918 இறுதியில் செம்படை லாட்வியாவுக்குள் நுழைந்தபோது, அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த பால்டிக் ஜெர்மானியர்களின் லாண்டஸ்வேர் படையும், ஜெர்மனியிலிருந்து போன ‘இரும்பு டிவிஷன்’ போன்ற தன்னார்வப் படைகளும் எதிர்த்து நின்றன. அவர்களுக்காகப் பால்டிக் தேசியக் குழு 1919 ஜூலை 1 அன்று இந்தச் சிலுவையை ஏற்படுத்தியது. குறைந்தது மூன்று மாத சேவை வேண்டும். சுமார் 22,000 பேர் பெற்றார்கள். கறுப்பு நடுப்பகுதியும் பொன்னிற விளிம்பும் கொண்ட சிலுவை, மத்திய காலத்தில் அந்த நிலத்தை ஆண்ட டியூட்டானிக் வீரத்துறவிகளின் சிலுவையிலிருந்து எடுத்தது. எழுநூறு வருடத்துக்கு முந்தைய சிலுவைப் போரை நாங்கள் தொடர்கிறோம் என்பதுதான் அதன் பேச்சு.

இதிலும் தேதிதான் பேசுகிறது. 1919 மே 22 அன்று இந்தப் படைகள் ரீகாவைப் பிடித்தன. பிடித்த கையோடு நகரில் விசாரணையின்றிப் பலரைச் சுட்டுக் கொன்றன. ஜூன் 23க்குள் ட்ஸேசிஸ் என்ற ஊரில் எஸ்தோனிய, லாட்விய வீரர்களிடம் தோற்றன. ஜூலை 3இல் போர் நிறுத்தம். இந்த இரண்டுக்கும் நடுவே, ஜூலை 1இல் சிலுவை பிறக்கிறது. வெற்றிக்காகக் கொடுத்தது போல இன்று தோன்றும் பொருள், உண்மையில் தோல்வி வாரத்தில் பிறந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. ஜெர்மன் வீரர்கள் பலர் லாட்வியாவுக்குப் போனது நிலத்துக்காக. 1918 டிசம்பர் இறுதியில் லாட்வியாவின் தற்காலிக அரசு, தங்களுக்காகப் போரிடும் ஜெர்மானியர்களுக்குக் குடியுரிமை தர ஒப்புக்கொண்டது. குடியுரிமை என்றால் நிலமும் வரும் என்று ஆள் சேர்ப்பவர்கள் ஆசை காட்டினார்கள். நிலம் வரவில்லை. கடைசியில் கையில் தேறியது இந்தச் சிலுவைதான்.

பெர்மோன்ட் அவலோவ் பதக்கங்கள் என்று சிலவற்றைப் பார்க்கிறேன். அவை ஜெர்மன் பதக்கங்களா, ரஷ்யப் பதக்கங்களா?

இரண்டும்தான். ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று உத்தரவு வந்தபோது திரும்ப மறுத்த ஜெர்மன் வீரர்கள் ஆயிரக்கணக்கானோர், பாவெல் பெர்மோன்ட் அவலோவ் என்ற ரஷ்யச் சாகசக்காரரின் ‘மேற்கு ரஷ்யத் தன்னார்வப் படை’யில் பெயருக்குச் சேர்ந்துகொண்டார்கள். மனிதர் சுயமாகப் பணத்தாள்கூட அச்சடித்தவர். பதக்கம் அடிக்கத் தயங்குவாரா? செம்படையோடு போரிடுவதாகச் சொல்லிக்கொண்டு 1919 அக்டோபரில் ரீகாவைத் தாக்கினார். நவம்பர் 11 அன்று லாட்விய வீரர்கள் அவரை விரட்டினார்கள். அந்த நாளை லாட்வியா இன்றும் லாச்ப்ளேசிஸ் நாளாகக் கொண்டாடுகிறது. அந்நாடு அக்காலத்தில் வழங்கிய உயரிய ராணுவ விருதின் பெயரும் லாச்ப்ளேசிஸ்தான். ரீகா போகிறவர்கள் வெடிமருந்துக் கோபுரத்தில் இயங்கும் போர் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம்.

கப்பல் படம் போட்ட நீள்வட்டச் சின்னம் யாருடையது?

வைக்கிங் கப்பல் என்றால் எர்ஹார்ட் கடற்படைப் பிரிகேட். கேப்டன் ஹெர்மன் எர்ஹார்ட் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் திரட்டிய படை. 1920 மார்ச் 13 அதிகாலை பெர்லினுக்குள் அணிவகுத்து, ஆட்சியைப் பிடித்துக் காப் என்பவரை நாற்காலியில் உட்கார வைத்தது இதுதான். நாடு தழுவிய பொது வேலைநிறுத்தத்தில் நான்கே நாளில் கதை முடிந்தது. அந்த அணிவகுப்பில் பல தலைக்கவசங்களில் ஸ்வஸ்திகா வரையப்பட்டிருந்தது. ஹிட்லரின் கட்சி முனிக் மதுக்கூடங்களைத் தாண்டாத காலம் அது.

பிரிகேட் கலைந்த பிறகு அதன் ஆட்களிடமிருந்து ‘கான்சல்’ என்ற ரகசிய அமைப்பு உருவானது. 1921 ஆகஸ்டில் முன்னாள் நிதி அமைச்சர் எர்ஸ்பெர்கரையும், 1922 ஜூன் 24 அன்று வெளியுறவு அமைச்சர் வால்டர் ராத்தெனாவையும் கொன்றது அது. கப்பல் சின்னம் அழகாக இருக்கிறது என்று வாங்குபவர்கள் இதையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

மண்டையோடு இருந்தால் அது எஸ்.எஸ். பொருள்தானே?

இல்லை. மண்டையோடு பிரஷ்யக் குதிரைப்படைகளிலும் பிரவுன்ஷ்வைக் படையிலும் பழைய சின்னம். அங்கிருந்து ஃப்ரைகோர் பலவற்றுக்குப் போனது, நாஜிகளின் காவல் படையான எஸ்.எஸ். அப்புறம் எடுத்துக்கொண்டது. விற்பவர் ‘எஸ்.எஸ்.’ என்று சொன்னால் விலை ஏறும் என்பதால் இந்தக் குழப்பத்தை யாரும் அவசரப்பட்டுத் தீர்ப்பதில்லை.

ஷ்டால்ஹெல்ம் சின்னத்தில் வருடம் இருக்கிறதே, அது தயாரித்த வருடமா?

இது நிறையப் பேர் கேட்கும் கேள்வி. அது உறுப்பினர் சங்கத்தில் சேர்ந்த வருடம்.

ஷ்டால்ஹெல்ம், அதாவது எஃகுத் தலைக்கவசம், 1918 டிசம்பர் 25 அன்று மாக்டெபுர்கில் ஃபிரான்ஸ் செல்டே தொடங்கிய முன்னாள் போர்முனை வீரர் சங்கம். ஆரம்பத்தில் ஆறு மாதம் போர்முனையில் இருந்திருந்தால்தான் சேர முடியும். 1930 வாக்கில் சுமார் ஐந்து லட்சம் பேர். 1924இல் யூத வீரர்களை வெளியேற்றியது. அதன் இரண்டாம் தலைவரான டூஸ்டர்பெர்க்கின் தாத்தா யூதர் என்பதை 1932இல் நாஜிகள் தேடி எடுத்து அவரை அவமானப்படுத்தினார்கள். யூதரை ஒதுக்கிய சங்கத்தின் தலைவருக்கே அந்தக் கதி.

சேர்ந்த வருடச் சின்னத்தில் தலைக்கவசமும் வருட எண்ணும் இருக்கும். எண் எவ்வளவு பழையதோ அவ்வளவு மரியாதை. 1933க்குப் பிறகு கும்பல் கும்பலாக ஆட்கள் சேர்ந்தபோது, ‘1924’ என்று மார்பில் போட்டிருப்பவர் ‘1933’காரரை எப்படிப் பார்த்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

பேரணிக்குப் போனவர்களுக்குக் கொடுத்த தகரச் சின்னங்கள் பதக்கத்தில் சேருமா?

கண்டிப்பான கணக்கில் சேராது. நினைவுப் பொருள் என்ற கணக்கில் கட்டாயம் சேரும். ஷ்டால்ஹெல்ம் வருடாவருடம் ஒரு பெரிய நகரத்தில் ‘போர்முனை வீரர் நாள்’ நடத்தியது: 1927 பெர்லின், 1928 ஹாம்புர்க், 1929 முனிக், 1930 கோப்லென்ஸ், 1931 பிரெஸ்லாவ். ஒவ்வொன்றுக்கும் மெல்லிய உலோகத் தகட்டில் அச்சடித்த சின்னம் உண்டு. சில்லறைக் காசுக்கு வாங்கிக் குத்திக்கொண்டால் செலவுக்கு நன்கொடை, உள்ளே போக அடையாளம், வீட்டுக்குப் போனபின் ஞாபகம். மற்றக் கட்சிப் படைகளும் இதையே செய்தன.

வரலாறு படிக்கிறவருக்குச் சிலுவைகளைவிட இவை உதவும் என்பது என் கட்சி. ஊர், தேதி, அமைப்பு மூன்றும் அதிலேயே பொறித்திருக்கும். கோப்லென்ஸ் சின்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரைன் கரையிலிருந்து கடைசி அந்நியப் படை வெளியேறியது 1930 கோடையில். சில மாதத்தில் அதே கரையில் சீருடைப் பேரணி. ஒரு சின்னத் தகட்டில் அந்த வருட அரசியல் முழுக்க வந்துவிடுகிறது.

இடதுசாரிகளும் குடியரசு ஆதரவாளர்களும் பதக்கம் கொடுக்கவில்லையா?

சின்னம் கொடுத்தார்கள், வீரச் சிலுவை என்ற வகையில் அவர்களுக்கு நாட்டமில்லை. ரைக்ஸ்பானர் 1924 பிப்ரவரி 22 அன்று, ஷ்டால்ஹெல்ம் பிறந்த அதே மாக்டெபுர்கில் தொடங்கப்பட்டது. சமூக ஜனநாயகக் கட்சி, கத்தோலிக்க மையக் கட்சி, ஜனநாயகக் கட்சி மூன்றின் ஆதரவு. தலைவர் ஓட்டோ ஹோர்சிங். உறுப்பினர் எண்ணிக்கை முப்பது லட்சம் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். கறுப்பு, சிவப்பு, பொன் நிறம்தான் அவர்கள் அடையாளம். ஆகஸ்ட் 11, அரசியலமைப்பு நாள், அவர்களுடைய திருவிழா. 1929இல் பெர்லினில் பத்தாம் ஆண்டுக் கொண்டாட்டம் பெரிதாக நடந்தது. 1931 இறுதியில் நாஜிகளுக்கு எதிராக உருவான ‘இரும்பு முன்னணி’ என்ற கூட்டணியின் மூன்று அம்புச் சின்னத்தையும் இவர்கள் சட்டையில் காணலாம்.

கம்யூனிஸ்டுகளின் செம்முன்னணிப் போராளிகள் சங்கமும் 1924இல் ஹாலே நகரில் தொடங்கியதே. தலைவர் எர்ன்ஸ்ட் தேல்மான். முஷ்டி உயர்த்திய கைதான் சின்னம். 1929 மே தின மோதல்களில் பெர்லின் போலீஸ் பலரைச் சுட்டுக் கொன்ற பிறகு, கொல்லப்பட்டவர்களின் பக்கமிருந்த இந்தச் சங்கம் தடை செய்யப்பட்டது.

இந்த இரண்டு அமைப்புகளின் சின்னங்களும் இன்று அரிது. காரணம் எளிது: 1933இல் வீட்டில் சோதனை நடந்து அது கிடைத்தால் வதைமுகாம். ஆற்றிலும் அடுப்பிலும் போட்டார்கள். வலதுசாரிச் சிலுவைகளுக்கு அந்தக் கதி இல்லை. அலமாரியில் பத்திரமாகக் கிடந்தன.

கிஃப்ஹாய்சர் பதக்கம் தனிப்படைப் பதக்கமா?

இல்லை. கிஃப்ஹாய்சர் என்பது முன்னாள் வீரர்களின் மாபெரும் நலச்சங்கம். அரசு போர் நினைவுப் பதக்கம் எதுவும் தராததால் 1922இல் தானே ஒன்றை ஏற்படுத்தியது. இதைப் போல ஃபிளாண்டர்ஸ் சிலுவை, லாங்கெமார்க் சிலுவை என்று வீரர் சங்கங்கள் அடித்தவை பல. காரணம் ஒன்றுதான், மேலே சொன்ன அதே காலி இடம்.

நாஜிக் கட்சியின் நினைவுப் பதக்கங்கள் எவை?

இந்தப் பக்கத்துக்குப் பொருந்துபவை இரண்டு.

முதலாவது கோபர்க் சின்னம். 1922 அக்டோபரில் ஹிட்லர் முனிக்கிலிருந்து தனி ரயிலில் எஸ்.ஏ. ஆட்களைக் கோபர்க் நகருக்கு அழைத்துப் போய்த் தெருவில் தொழிலாளர்களோடு மோதினார். பத்து வருடம் கழித்து, 1932 அக்டோபரில், ‘ஹிட்லருடன் கோபர்கில் 1922–1932’ என்ற வாசகத்தோடு சின்னம். பட்டியலில் இருந்த பெயர்கள் 436. ஒரு தெருச்சண்டை கட்சியின் புராணமாக மாறிய விதம் இது.

இரண்டாவது ‘இரத்தப் பதக்கம்’ என்று அழைக்கப்பட்டது. 1923 நவம்பர் 9 அன்று முனிக்கில் தோற்ற ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியில் கலந்துகொண்டவர்களுக்கு, 1934 மார்ச்சில் ஏற்படுத்தப்பட்டது. வெள்ளி; வரிசை எண் உண்டு; முதல் தொகுதி சுமார் 1,500. பின்புறம் ஊர்வலம் துப்பாக்கிச் சூட்டில் சிதறிய ஃபெல்ட்ஹெர்ன்ஹாலே மண்டபம், அதன் மேல் ‘ஆனாலும் நீங்கள் வென்றீர்கள்’ என்ற வரி. வலது பக்கச் சட்டைப்பையில் அணிவார்கள். 1938இல் விதியைத் தளர்த்தி, கட்சிக்காகச் சிறை சென்றவர்களுக்கும் கடுமையாகக் காயமடைந்தவர்களுக்கும் விரித்தார்கள். பழைய ஆட்களுக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது என்று நான் நம்பவில்லை.

ஹிட்லர் வந்த பிறகு பழைய ஃப்ரைகோர் பதக்கங்கள் என்ன ஆயின?

1933 ஏப்ரல் 7 அன்று பட்டம், விருதுகள் பற்றிய புதிய சட்டம் வந்தது. அரசு விருது கொடுக்கும் உரிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1934 ஜூலையில் ஜனாதிபதி ஹிண்டன்பர்க் பெயரில் உலகப் போர் கௌரவச் சிலுவை: போர்முனை வீரருக்கு வாளுடன், மற்ற வீரருக்கு வாளின்றி, இறந்தவர் குடும்பத்துக்குக் கறுப்பில். போர்முனை வகை மட்டும் அறுபது லட்சத்துக்கு மேல். விண்ணப்பித்த யூத வீரர்களுக்கும் இது கிடைத்தது.

அரசுச் சிலுவை வந்ததும் சங்கச் சிலுவைகளுக்கு வேலை போனது. 1930களின் நடுவில் தனியார் பதக்கங்களை அணியவே தடை வந்தது. கிஃப்ஹாய்சர், ஃபிளாண்டர்ஸ், ஒவ்வொரு தளபதியும் அடித்த சின்னங்கள் எல்லாம் மேசை இழுப்பறைக்குள் போயின. இரண்டுக்கு மட்டும் விலக்கு: சிலேசியக் கழுகு, பால்டிக் சிலுவை. இவை அரசே ஏற்ற விருதுகளாயின.

அதே ஏப்ரல் 7 அன்று இன்னொரு சட்டமும் வந்தது, யூதர்களையும் எதிர்ப்பாளர்களையும் அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம். உலகப் போரில் போர்முனையில் இருந்தவர்களுக்கு அதில் விலக்கு. மே மாதம் வந்த நடைமுறை விதி, பால்டிக் பகுதியிலும் மேல் சிலேசியாவிலும் ஸ்பார்டகஸ்வாதிகள் என்ற ஜெர்மன் தீவிர இடதுசாரிகளுக்கு எதிராகவும் நடந்த சண்டைகளைப் போர்முனைச் சண்டைக்குச் சமம் என்றது. சொந்த நாட்டுத் தொழிலாளர்களைச் சுட்டதும் உலகப் போர்ச் சேவை ஆனது. இந்த ஆட்சி எந்த வன்முறையைத் தன் பாட்டன் சொத்தாக ஏற்றுக்கொண்டது என்பதை இந்த ஒரு விதி போதுமான அளவு சொல்லிவிடுகிறது.

ஃப்ரைகோர் ஆட்களை நாஜிகள் கொண்டாடினார்கள் என்கிறார்கள், கொன்றார்கள் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. 1933 நவம்பர் 9 அன்று முனிக்கில் ஃப்ரைகோர் கொடிகளை விழா எடுத்து வாங்கிக்கொண்டார்கள். எட்டு மாதம் கழித்து, ஹிட்லர் தன் எஸ்.ஏ. தலைவர்களையே தீர்த்துக்கட்டிய 1934 ஜூன் 30 படுகொலையில், பீட்டர் ஃபோன் ஹைடெபிரெக் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்னாபெர்க் சண்டையில் பேர் வாங்கிய படைத்தலைவர், பிறகு எஸ்.ஏ. தலைவர். கூத்து என்னவென்றால், அதே வருடம்தான் மேல் சிலேசியாவில் கண்ட்ஷின் என்ற ரயில் சந்திப்பு ஊருக்கு அவர் பெயரை வைத்திருந்தார்கள். ஆளைக் கொன்ற பிறகும் ஊர்ப் பெயரை மாற்றவில்லை. 1945 வரை ஹைடெபிரெக்தான். எர்ஹார்ட்டையும் அன்று தேடினார்கள். தப்பித்து நாட்டை விட்டு ஓடினார்.

இன்று ஜெர்மனியில் இவற்றை வைத்திருக்கலாமா?

வைத்திருக்கலாம். ஸ்வஸ்திகா உள்ளவற்றைப் பொதுவில் காட்டுவதும் பரப்புவதும் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவில் குற்றம்; கல்வி, ஆய்வு, கலை, வரலாற்று நோக்கங்களுக்கு விலக்கு உண்டு. அதனால்தான் ஜெர்மன் ஏலப் பட்டியல்களில் படத்தில் அந்தப் பகுதியை மறைத்திருப்பார்கள். சிலேசியக் கழுகிலும் பால்டிக் சிலுவையிலும் ஸ்வஸ்திகா இல்லை. 1957 ஜூலைச் சட்டம் பழைய விருதுகளை நாஜி அடையாளங்களை நீக்கிய வடிவில் மட்டும் அணிய அனுமதித்தது.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தத் துறையில் போலிதான் அதிகம், அசல்தான் குறைவு என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். அரசுப் பதக்கத்துக்கு ஒரே அச்சு, ஒரே அளவு என்று ஒரு கட்டுப்பாடு இருக்கும். இங்கே ஆளாளுக்கு நகைக்கடையில் செய்துகொண்டதால் அசலிலேயே பத்து வகை. போலிக்காரர்களுக்கு அது வசதி: ‘இது அரிய வகை’ என்று சொல்லிவிடலாம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று கையில் இருக்கட்டும். அழுத்தி அச்சடித்த பரப்பு இறுக்கமாக, கோடுகள் கூர்மையாக இருக்கும். வார்த்ததில் ஊசிமுனை அளவில் குழிகளும் மழுங்கிய விளிம்பும் தெரியும். கழுகின் இறகுக் கோடுகளைப் பாருங்கள்: ஒவ்வொரு இறகும் தனியாக முடிய வேண்டும், சோப்பு கரைந்தது போல ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது. மெல்லிய தகட்டில் குடைவாக அடித்ததானால் முன்னே மேடாக உள்ளது பின்னே பள்ளமாக இருக்கும்.

அப்புறம் ஊசி. கீல், ஊசி, கொக்கி மூன்றும் எப்படிப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். எல்லா இடமும் பழுத்துக் கறுத்திருக்கப் பற்றவைப்பு மட்டும் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். தேய்மானம் மேடான இடங்களில்தான் வரும். பள்ளத்துக்குள்ளும் சீராகத் தேய்ந்திருந்தால் யாரோ உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள்.

நாடாவை இருட்டில் புற ஊதா விளக்கில் காட்டுங்கள். நீலவெள்ளையாகப் பளபளத்தால், துணியை வெளுப்பாகக் காட்டும் நவீன ரசாயனம் அதில் இருக்கிறது. அது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவியது. ஆனால் நாடா புதிது என்பதால் பதக்கமும் புதிது என்று ஆகிவிடாது, மாற்றியிருக்கலாம். பழைய நாடாவைப் போலியில் கோத்து விற்பவர்களும் உண்டு.

விருதுச் சான்றிதழ் எவ்வளவு முக்கியம்?

என்னைக் கேட்டால் பதக்கத்தைவிட முக்கியம். உலோகம் ஊமை. தாளில் பெயர், படைப்பிரிவு, தேதி, முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கிறது. யார் கையெழுத்து என்று பாருங்கள்: அரசு அதிகாரியா, படைத்தலைவரா, சங்கச் செயலாளரா? 1919 தேதியிட்ட சான்றிதழுக்கும் 1930களில் பழைய ஆட்கள் விண்ணப்பித்து வாங்கிய சான்றிதழுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். பின்னதும் அசல்தான், ஆனால் வேறு காலத்தின் சாட்சி. தாளையும் அதே புற ஊதா விளக்கில் காட்டலாம்.

புதிதாகத் தொடங்குகிறேன். முதலில் எதை வாங்கலாம்?

ஃப்ரைகோர் சின்னத்தை முதலில் தொடாதீர்கள். ஹிண்டன்பர்க் கௌரவச் சிலுவையின் மூன்று வகைகளையும் கிஃப்ஹாய்சர் பதக்கம் ஒன்றையும் வாங்குங்கள். லட்சக்கணக்கில் அடித்தவை என்பதால் விலை குறைவு. அதிகம் மதிப்பில்லாததால் போலியும் குறைவு. அக்கால அச்சு, ஊசி, நாடா, தயாரிப்பாளர் குறி எல்லாம் கைக்குப் பழகும். ஒரு வருடம் அவற்றோடு புழங்கிவிட்டு, பிறகு சிலேசியக் கழுகு பக்கம் போங்கள். அதையும் சான்றிதழோடு சேர்த்துக் கிடைத்தால் மட்டும், விற்பவர் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தால் மட்டும்.